சாவி ஆணியில்தான் தொங்கியது

ஒரே மழையில் கொட்டகையின் தகரக் கூரை கிழிந்து தொங்கிவிட்டது. வீட்டுக்குள் ஒழுகியிருந்தால்கூட மேனேஜர் அவ்வளவு பதறியிருக்க மாட்டார். ஒழுகியது காரின் மேல். இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிற மனுஷன், ஜன்னல் வழியே அந்த ஓட்டையைப் பார்த்துப் பார்த்து, "தார்ப்பாய் போடு, தார்ப்பாய் போடு" என்று மகளைப் பிடுங்கி எடுத்துவிட்டார். அவளும் முக்காலி போட்டு ஏறி, தொப்பலாக நனைந்து, தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். கட்டிவிட்டு இறங்கும்போதுதான் முதல்முறையாக அந்தக் கார்மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க நாதியில்லை. அவளோ தகர டப்பாவுக்குக் குடை பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

மேனேஜர் என்பது பழைய உத்தியோகம். நூல் கிடங்கு ஒன்றில் கொடிகட்டிப் பறந்தவர். உத்தியோகம் போய், கிடங்கும் போய், பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மகளைத் தெருவில் எல்லாரும் தையலக்கா என்பார்கள். முன்னறையில் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை, தலையணை உறை, திரைச்சீலை என்று வந்ததையெல்லாம் தைப்பாள். அவளுக்கு இன்னொரு பேரும் உண்டு. சின்ன வயசில் அம்மாவின் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு நாள் முழுக்க விளையாடுவாள் என்று அவள் அண்ணன் வைத்த பேர், பொத்தான். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட இருபது வருஷத்துக்கு மேலாக ஆளில்லை. அண்ணன் உயிரோடுதான் இருந்தான், பக்கத்து டவுனில். ஆனால் இந்த வீட்டில் அவன் செத்தவன்.

நடந்தது என்ன என்பது தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மாவுக்கு ஒரு நாள் பட்டப்பகலில் நெஞ்சடைத்தது. மேனேஜர் வெளியூரில் இருந்தார், கிடங்கு லாரியில் போயிருந்தார். வீட்டில் மீசை முளைத்தும் முளைக்காத மகனும், பள்ளிக்கூடம் போகிற மகளும். மகன் அம்மாவைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்திவிட்டுக் காரைக் கிளப்பினான். கார் கிளம்பவில்லை. பேட்டரி சாகிற மட்டும் செல்ஃப் அடித்தான். பிறகு முன்னால் ஹேண்டிலை மாட்டி என்ஜினைக் கையாலேயே சுற்றினான். உள்ளங்கைத் தோல் உரிந்து ஹேண்டில் முழுக்க ரத்தம். கடைசியில் தெருமுனைக்கு ஓடி ஒரு சாமான் வண்டியை மறித்துக் கூட்டிவந்தான். ஆஸ்பத்திரி ஒன்றும் சீமையில் இல்லை, பாலம் தாண்டினால் வந்துவிடும். ஆனால் அந்தப் பாலத்திலேயே அம்மாவின் மூச்சு நின்றுவிட்டது.

மேனேஜர் வந்தார். அம்மாவைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். எல்லார் முன்னாலும் மகளிடம் ஒரே வார்த்தை சொன்னார்.

"எனக்குத் தெரியாம வண்டிய எடுத்து ஓட்டி ஓட்டி என்ஜினக் கெடுத்து வச்சிருந்திருக்கான். இவன்தான் உங்கம்மாவக் கொன்னான்."

மகன் திருட்டுத்தனமாகக் கார் ஓட்டியது உண்மை. தெருவே பார்த்திருக்கிறது. ஆகவே மற்றதும் உண்மையாகிவிட்டது. பழி ஒரு பக்கம் விழ ஆரம்பித்தால் பிறகு தள்ளிவிட ஆள் தேவையில்லை, அதுவே உருளும். அவன் வீட்டை விட்டுப் போனான். மேனேஜர் கொட்டகையைப் பூட்டினார். காரை விற்கவும் இல்லை, ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டவும் இல்லை. பெண்டாட்டி கடைசியாகப் படுத்த வண்டி, மனுஷன் எப்படித் தொட விடுவார் என்று ஊரே உச்சுக் கொட்டியது.

தையலக்கா உச்சுக் கொட்டவில்லை, நம்பினாள். நம்பியதற்கு விலையும் கொடுத்தாள். பெண் கேட்டு வந்த இடங்களையெல்லாம், "நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று அப்பா கேட்டதற்காகத் தட்டிக் கழித்தாள். அண்ணன் தன் கல்யாணத்துக்குக் கூப்பிட வாசல்வரை வந்தபோது, அவன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தியவள் அவள்தான். அப்பா சொல்லிச் சாத்தவில்லை. அவளாகவே சாத்தினாள். தாழ்ப்பாள் சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று அழுத்திப் போட்டாள்.

கூரை கிழிந்த சேதி ஒரு பல் டாக்டர் காதுக்கு எட்டியது. பழைய கார்களைச் சேர்த்து வைக்கிற பைத்தியம் அவருக்கு. வந்து, தார்ப்பாயைத் தூக்கி, காரைச் சுற்றிச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். கார் வாயைத் திறந்து காட்டவில்லை, அவ்வளவுதான் பாக்கி. என்ஜின் உயிரோடு எழுந்தால் எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தையலக்காவுக்குக் கார் ஒழிந்தால் போதும். கொட்டகையைக் கொஞ்சம் எடுத்துக் கட்டினால் இன்னும் இரண்டு மிஷின் போடலாம்.

ஊரில் இருந்த மெக்கானிக்குகள் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். இந்த வயசு வண்டிக்கு ஒரே ஆள்தான், பக்கத்து டவுனில் இருக்கிறார் என்று எல்லாரும் ஒரே ஆளைச் சொன்னார்கள். அந்த ஆள் யார் என்று அவளுக்குத் தெரியாதா? அப்பாவிடம் சொன்னாள். மேனேஜர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அவன் கை அதுல படக்கூடாது."

தார்ப்பாயைக் காற்று மறுபடி பிய்த்தெறிந்த அன்றைக்கு, அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். வண்டியைத் திறக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.  அந்தப் பக்கம் பட்டறையில் யாரோ தகடு தட்டுகிற ஓசை கேட்டது.

"அவரு திறக்க விட்டுட்டாரா?" என்று கேட்டான்.

"நான் திறக்கிறேன்."

"வர்றேன். கூலி வேணாம். ஆனா அன்னிக்கு ஏன் கிளம்பலைன்னு தெரியற வரைக்கும் என்னை அனுப்பக் கூடாது. நான் கெடுத்ததுதான்னா அதையும் என் வாயாலயே சொல்லிட்டுப் போறேன்."

நல்லது, அதுவும் தெரிந்துவிடட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். அவன் கெடுத்ததுதான் என்று அவனே சொல்லிவிட்டால், அவள் சாத்திய கதவு சரி, தட்டிக் கழித்த கல்யாணம் சரி, எல்லாம் சரி. வேறு மாதிரி ஆகிவிட்டால் என்ன என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. துணியை வெட்டிய பிறகு அளவு தப்பு என்று யாராவது சொன்னால் தையல்காரிக்கு எப்படி இருக்கும்? அந்தப் பக்கமே அவள் மனசு போகவில்லை.

வந்தான். தலை நரைத்திருந்தது. நடை அப்பாவின் நடை. கையில் ஒரு நீளத் தகரப் பெட்டி. வாசலில் நின்று ஒரு நிமிஷம் கதவைப் பார்த்தான், பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போய்விட்டான். வேலை முடிகிற வரைக்கும் வீட்டுப் படி ஏறவில்லை. ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துதான் சாப்பாடு, டீ எல்லாம்.

அவளுக்கு அவனோடு எப்படிப் பேசுவது என்றே வரவில்லை. நீ என்றால் உறவு வந்துவிடும். நீங்க என்றால் அந்நியமாகிவிடும். அதனால் ஆளே இல்லாத பேச்சாகப் பேசினாள். "டீ வச்சிருக்கு", "மதியத்துக்குச் சோறு இருக்கு", "வெயில் ஜாஸ்தியா இருக்கு." அவனும் விடவில்லை, "டீ குடிச்சாச்சு", "சோறு நல்லா இருந்துச்சு" என்று அதே பாட்டையே பாடினான். இரண்டு பேரும் காரை நடுவில் வைத்துக்கொண்டு நின்று வானொலி அறிக்கை வாசிக்கிற மாதிரி இருந்தது.

மேனேஜருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கொட்டகை. ஸ்பேனர் விழுகிற சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். கத்துவார் என்று பயந்தாள். அவர் கத்தவில்லை. மகனிடம் நேராகப் பேசினால் மரியாதை போய்விடுமே, அதனால் மகளிடம் ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "கிழிஞ்ச துணிக்கு ஒட்டுப்போடற மாதிரியில்ல. அது அன்னிக்கே இறுகிப்போன என்ஜின். வீணா முக்க வேணாம்னு சொல்லு."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அண்ணன் ஹேண்டிலை மாட்டித் திருகினான், மலையைப் பிடித்துத் திருகியது போல அசையவே இல்லை. அதைப் பார்த்ததும் தையலக்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நிம்மதி. தனக்கு நிம்மதியாக இருக்கிறது என்பதைக் கவனித்து அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஓடி இறுகறது வேற, சும்மா நின்னு இறுகறது வேற," என்றான் அவன், யாரையும் பார்க்காமல். நான்கு பிளக்கையும் கழற்றினான். டீசலும் ஆயிலும் கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். ஊற்றிவிட்டுப் போய்விட்டான். இரண்டு மூன்று நாள் கழித்து வந்து மறுபடி ஊற்றினான். அது ஊறுகிற வரைக்கும் சும்மா இருக்கவில்லை. பெட்ரோல் டேங்கை இறக்கிக் கழுவினான். ஏர் ஃபில்டரைத் திறந்து எலி கட்டிய மெத்தையை வெளியே எடுத்துப் போட்டான்; அதில் பாதி தையலக்கா வெட்டிப் போட்ட துணித் துண்டுகள். மற்றவர்களுக்குத் தைத்தது போதாதென்று எலிக்கும் தைத்துக் கொடுத்திருக்கிறாள். பிரேக், டயர் எல்லாம் ஒவ்வொன்றாக முடித்தான். நடுவில் போய்ப் போய் ஹேண்டிலைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் ஆட்டுவான். முரட்டுத்தனமே கிடையாது. குழந்தையை எழுப்புகிற மாதிரி ஆட்டுவான்.

"வேகமாத் திருகினா வந்துடாதா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"அதட்டினா உடையும். பெத்த அப்பனுக்கே இது தெரியல, பல் டாக்டருக்கு எங்க தெரியப்போகுது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

ஒரு முற்பகலில் ஹேண்டில் முழுச் சுற்று சுற்றியது. நான்கு ஓட்டையிலிருந்தும் கறுப்பு எண்ணெய் பீச்சி அடித்து அவன் முகமெல்லாம் தெறித்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. காருக்கு அடியில் படுத்து, பழைய ஆயிலை ஒரு தட்டில் வடித்தான். விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்தான். பிறகு தட்டை அவள்முன் நீட்டினான்.

"கெட்டுப்போன என்ஜின் ஆயில்ல உலோகத் தூள் மினுங்கும். தேய்ச்சுப் பாரு. ஏதாவது நெருடுதா?"

பாரு என்றுவிட்டான். உறவு வந்தேவிட்டது. அவள் தொட்டுத் தேய்த்தாள். துணியின் நூலோட்டம் பார்க்கிற விரல் அது, அதற்குத் தப்பாது. வெண்ணெய் போல வழுவழுவென்றிருந்தது.

"டேங்க்ல பெட்ரோலும் இருந்திருக்கு, காஞ்சு பிசினா ஒட்டிக் கிடந்துச்சு," என்றான். "என்ஜின் நல்லா இருந்துச்சு. பெட்ரோலும் இருந்துச்சு. அப்ப கரண்ட்தான் வரல. அன்னிக்கு அவ்வளவு சுத்தினேனே, ஹேண்டில் ஒரு தடவகூட என் கையத் திருப்பி அடிக்கல. கரண்ட் வந்திருந்தா அடிச்சிருக்கணும். அது ஏன் அடிக்கலைன்னு இந்தத் தொழிலுக்கு வந்து எத்தனையோ வருஷம் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது."

அவள் உள்ளே வந்து மிஷினில் உட்கார்ந்தாள். கால் மிதித்தது, கண் தையலில் இல்லை. வெளியே டொக் டொக்கென்று தட்டுகிற சத்தம். கரண்டை நான்கு பிளக்குக்கும் பங்கு வைக்கிற டப்பா ஒன்று என்ஜின் பக்கவாட்டில் உண்டு. அதன் மூடியைப் பிடித்திருந்த இரண்டு கிளிப்பும் துருவேறி ஒட்டிக்கொண்டதால் அதை மட்டும் எண்ணெய் விட்டு ஊறப் போட்டிருந்தான். அதைத்தான் தட்டுகிறான். சத்தம் நின்றது. நின்ற சத்தம் திரும்ப வரவே இல்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

அண்ணன் எண்ணெய் டின்னில் உட்கார்ந்திருந்தான். மூடி மடியில் இருந்தது. திறந்த டப்பாவுக்குள் நடுவில் ஒரு குச்சி மட்டும் மொட்டையாக நின்றது.

"என்ன ஆச்சு?"

"ரோட்டர் இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. அந்தக் குச்சியின் தலையில் ஒரு சின்ன சாமான் உட்கார்ந்திருக்க வேண்டும், அது சுற்றினால்தான் பிளக்குக்குக் கரண்ட் போகும், அது இல்லாமல் யுகம் யுகமாக ஹேண்டில் சுற்றினாலும் வண்டி கிளம்பாது என்று பொறுமையாகச் சொன்னான். குரல் மட்டும் எங்கேயோ இருந்து வந்தது.

"இத்தன வருஷத்துல எலி கிலி எடுத்துட்டுப் போயிருக்கும்," என்றாள்.

"எலி கிளிப்பக் கழட்டி, மூடியத் தூக்கி, ரோட்டர எடுத்துட்டு, மறுபடி மூடியப் போட்டு ரெண்டு கிளிப்பையும் மாட்டிட்டுப் போயிருக்குமா? நல்ல படிச்ச எலிதான்."

அவள் குனிந்து அந்த மொட்டைக் குச்சியைப் பார்த்தாள்.

"அந்தக் காலத்து ஆளுங்க பண்ற வேலை இது," என்றான். "வெளியூர் போறப்போ வேற யாரும் வண்டிய எடுத்துடக் கூடாதுன்னு ரோட்டரக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்குவாங்க. நான் திருட்டுத்தனமா ஓட்டுறது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. சரி, எடுத்தாரு. எடுக்கட்டும், அவரு வண்டி. ஆனா சாவி? சாவி ஆணியிலதான தொங்குச்சு. சாவியையும் எடுத்துட்டுப் போயிருந்தா, கார் இல்லைன்னு அப்பவே ரோட்டுக்கு ஓடியிருப்பேனே. சாவி இருந்துச்சு. அதனால நான் சுத்திக்கிட்டே நின்னேன். அம்மா பின்னாடி படுத்துக்கிட்டு, 'அவசரப்படாதடா, கிளம்பும்'னு எனக்குத் தைரியம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

அம்மா பேசினாள் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் அப்போது வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"இது எல்லாம் ஊகம்தானே," என்றாள்.

"ஊகம்தான். சாட்சிக்கு நான் எங்க போவேன்?" பெட்டியைக் கிளறி ஒரு சாமானை எடுத்து அவள் கையில் வைத்தான். "இது வேற வண்டியோடது, இதுக்குப் பொருந்தாது. இந்த மாதிரிதான் இருக்கும். தேடிப் பிடிக்கணும், நாளாகும்."

கட்டைவிரல் பருமன். பழுப்பு நிறத்தில் ஒரு குமிழ். தலையில் நாக்கு நீட்டினாற்போல் ஒரு பித்தளைத் தகடு.

தையலக்கா அதைப் பார்த்தாள்.  அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

அவளிடம் அது இருந்தது. பொத்தான் டப்பாவில் இருந்தது. அம்மா போன மறுநாள், வீட்டில் துணி துவைக்க ஆளில்லாமல் அவள் முதல்முறையாகத் துவைத்தாள். அப்பா வெளியூரிலிருந்து போட்டு வந்த சட்டையைத் தண்ணீரில் முக்கும்போது பையில் கனமாக ஏதோ இருந்தது. எடுத்துக்கொண்டு போய், இது என்னப்பா என்று கேட்டாள். அவர் பார்த்தார். பிறகு, "ஒண்ணுமில்ல, குப்பையில போடு," என்றார். அவள் போடவில்லை. வடிவம் நன்றாக இருந்ததால் பொத்தான்களோடு போட்டு வைத்தாள். எத்தனை வருஷமாக, வெட்டுகிற துணி பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைக்கிறாள். நேற்றுக்கூட வைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் அப்பா. அந்தச் சோற்றை இவள் தினம் தினம் உண்டிருக்கிறாள்.

டப்பாவைத் திறந்து எடுத்தாள். இப்போது யாருக்கும் தெரியாது. கொல்லைப்புறம் போய் வீசிவிட்டால் போதும். அண்ணன் வேறொன்று தேடிப் போடுவான், கார் கிளம்பும், பல் டாக்டர் ஓட்டிக்கொண்டு போவார். அண்ணனிடம் இருப்பது ஊகம். ஊகத்தை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. அவள் வாழ்ந்த வாழ்க்கையும் அப்படியே இருக்கும், ஒரு தையல் பிரியாமல்.

கையில் அதை மூடிக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள். அவர் கண்ணைத் திறந்துதான் இருந்தார். ஜன்னலில் எல்லாம் கேட்டிருக்கும். அவள் கையை விரித்துக் காட்டினாள்.

மேனேஜர் அதைப் பார்த்தார். அடையாளம் தெரியாதவர் மாதிரி நடிக்கவில்லை, அந்த மட்டுக்கும் சரி.

"குப்பையில போடச் சொன்னேனே," என்றார்.

"சாவிய ஏம்ப்பா விட்டுட்டுப் போனீங்க?"

அவர் மேலே பார்த்துக்கொண்டு பேசினார். "சாவிய எடுத்தா உங்கம்மா கேப்பா. பெத்த பிள்ளைய நம்பலையான்னு சண்டைக்கு வருவா. அவளுக்கும் தெரியக் கூடாது, அவனும் எடுக்கக் கூடாது. எங்கயாவது மோதிச் செத்துடுவான்னுதான்... அவன் நல்லதுக்குத்தான் எடுத்தேன்."

"அப்புறம் சொல்லியிருக்கலாமே."

"சொல்லிட்டு நான் எப்படி இருக்கிறது?"

"அவன் இருந்தானே."

மேனேஜர் வெகுநேரம் யோசித்தார். யோசித்துத்தான் சொன்னார், அதுதான் கொடுமை.

"அவன் சின்னப் பையன். தாங்கிக்குவான்னு நெனச்சேன்."

"நான்?" என்று கேட்டாள். "என்னை ஏம்ப்பா கதவச் சாத்த வச்சீங்க?"

"நான் சாத்தச் சொல்லலையே," என்றார்.

வாஸ்தவம். அவர் சொல்லவில்லை.  அந்தக் கட்டிலை, விரிப்பை, அவள் மாற்றிக் கட்டிவிட்ட வேட்டியை, ஊட்டிவிட்ட கஞ்சிக் கிண்ணத்தை எல்லாம் ஒரு பார்வை பார்த்தாள். அவர் கையை நீட்டினார். "குடு அத. நீதானம்மா எனக்கு இருக்க. வெளிய காட்டாத."

அவள் வெளியே போனாள்.

அண்ணன் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் போய் உட்கார்ந்து, அவன் உள்ளங்கையை இழுத்துப் பிரித்து அதில் வைத்தாள். பழைய தழும்பு அங்கேயே இருந்தது.

"எங்க இருந்துச்சு?"

"என்கிட்டத்தான் இருந்துச்சுண்ணா. அப்பா சட்டைப் பையில இருந்து எடுத்தது. பொத்தான் டப்பாவுல போட்டு வச்சிருந்தேன். எனக்குத் தெரியாதுண்ணா. சத்தியமா இது என்னன்னு தெரியாது."

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அவன் பித்தளைத் தகட்டை உப்புத்தாளில் இரண்டு தேய் தேய்த்து, சட்டை நுனியில் துடைத்தான்.

"தேயவே இல்ல, புதுசு மாதிரி இருக்கு," என்றான். "நல்லாத்தான் வச்சிருந்திருக்க, பொத்தான்."

குச்சியில் வைத்து அழுத்தினான். 'டக்'கென்று உட்கார்ந்தது. மூடியைப் போட்டு இரண்டு கிளிப்பையும் மாட்டினான். புது ஆயிலும் டேங்கில் பெட்ரோலும் ஊற்றி, பிளக்குகளைத் திரும்ப மாட்டி, கொண்டுவந்திருந்த புதுப் பேட்டரியின் வயரை முடுக்கிவிட்டு, கார்பரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு, உள்ளே ஏறி உட்கார்ந்தான். சாவியைக் கேட்டான். அவள் ஓடிப்போய் ஆணியிலிருந்து எடுத்து வந்தாள். இத்தனை வருஷமும் அது அங்கேயேதான் தொங்கியது.

செல்ஃப் அடித்தான். என்ஜின் இருமியது. மறுபடி அடித்தான். பின்னால் ஒரு மூட்டை கரும்புகை வந்து கொட்டகையை மறைத்தது. புகைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு ஒரே சீராக, என்னவோ நேற்று சாயங்காலம் நிறுத்திவிட்டுப் போன வண்டி போல ஓடியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உள்ளே படுத்திருக்கிறவருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

பல் டாக்டராக இருந்தால் குதித்திருப்பார். அண்ணன் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சந்தோஷம் என்று ஒன்று அந்த முகத்தில் துளிகூட இல்லை.

"இவ்வளவுதான்," என்றான். "அன்னிக்கும் இவ்வளவுதான் ஆயிருக்கும்."

பிறகு, ஏறு என்று தலையை அசைத்தான். அவள் முன்கதவுப் பக்கம் போகவில்லை. பின்கதவைத் திறந்து, அம்மாவைக் கிடத்திய சீட்டின் ஓரத்தில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தாள். மழைவாடையும் எலிப்புழுக்கையும் கலந்த நெடி. கார் கொட்டகையை விட்டு நகர்ந்து ஜன்னலைத் தாண்டும்போது, "எங்க போறீங்க? எனக்குக் கஞ்சி வைக்கலையே?" என்று மேனேஜரின் குரல் வந்தது. அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் அவள் இருந்தது அதுதான் முதல் தடவை.

தெருவில் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள். எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவில்லை. தெருமுனையில் அவன் இடதுபக்கம் ஒடித்ததுமே தெரிந்துவிட்டது. கடைத்தெரு போயிற்று, தண்ணீர்த் தொட்டி போயிற்று, பாலம் வந்தது. பாலத்தில் அவன் வேகத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. அவள் அம்மாவின் தலை இருந்திருக்கக்கூடிய இடத்தில் கையை வைத்துக்கொண்டாள். வைத்த கையை எடுப்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது. அப்புறம் ஒரே ஒரு திருப்பம், ஆஸ்பத்திரி கேட்.

இவ்வளவு பக்கமா என்று இருந்தது அவளுக்கு.

அண்ணன் அவசரச் சிகிச்சை வாசலுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினான். என்ஜினை அணைக்கவில்லை. காவலுக்கு இருந்த ஆள் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு ஓடி வந்தான். பழைய காரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பின்சீட்டுக்குள் தலையை விட்டான்.

"பேஷண்ட் எங்கம்மா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். கண்ணாடியில் அவன் கண் மட்டும் தெரிந்தது.

"இல்லைங்க," என்றான் அண்ணன். "வண்டி இப்பத்தான் வந்துச்சு."

காவல்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் ஏதோ ஒரு வண்டி அவசரமாக ஹாரன் அடித்தது. ஆள் இல்லாட்டி வழிய மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க, உள்ள வர்றவங்க வரட்டும் என்று அவன் சத்தம் போட்டான். அண்ணன் காரை ஓரமாக எடுத்து வழி விட்டான்.